மூன்று கால் பிளக்கும் பார்படோஸ் சுவரும்

பார்படோசுக்குப் போகிறேன் என்றதும் நாங்கள் இருக்கும் லண்டன் பிளேஸ்டோவில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். வெயிலுக்குத் தொப்பி கொண்டு போ என்றார்கள். கடலில் இறங்கும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வை என்றார்கள். கோவிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் மனுஷி, அங்கே மீன் பறக்குமாம், பயந்துவிடாதே என்றார். சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற்றைப் பற்றி மட்டும் ஒரு சீவனும் வாய் திறக்கவில்லை.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. 2009இல் எங்கள் ஆட்களில் யாருக்கும் ஊர் பார்க்கிற மனநிலை இருக்கவில்லை. யூட்டின் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். யூட் ஜெர்மனியில் அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். என்னைப் போலவே பிறகு லண்டனுக்கு மாறி வந்தான். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்தபோது மார்சியா என்ற பார்படோஸ் நேர்ஸைக் காதலித்துக் கலியாணம் முடித்து, அவளுடைய தீவுக்கே குடிபோய்விட்டான். "நீ வராமல் பிள்ளைக்குத் தண்ணி ஊத்த விடமாட்டன்" என்று போனில் அடித்துச் சொன்னான். எங்கள் மன்னார்ப் பக்கத்தில் ஞானத்தகப்பன் இல்லாத ஞானஸ்நானம் மாப்பிள்ளை இல்லாத கலியாணம் மாதிரி. மறுக்க வழியில்லை.

ஆனால் என் மனமெல்லாம் சட்டைப் பையில் கிடந்த போனில்தான் இருந்தது. என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனவர்கள். மாசி மாதத்தோடு அவர்களிடமிருந்து பேச்சு நின்றது. வைகாசியில் போர் எல்லாம் முடிந்து, தப்பிய சனம் முகாம்களுக்குள் அடைபட்ட பிறகு, லண்டனில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. ஒரு நிமிடம்தான் கதைப்பார்கள். இருக்கிறோம் என்பார்கள், அல்லது இன்னார் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த அழைப்பு இன்னும் வரவில்லை. அக்காவுக்கு மனப்பாடமான ஒரே இலக்கம் என் கைப்போன் இலக்கம். அதற்காகவே எத்தனை போன் கொம்பனிக்காரர் வாசலில் வந்து நின்றும் நான் இலக்கத்தை மாற்றவில்லை.

"போனை என்னட்டத் தந்திட்டுப் போங்கோவன்" என்றாள் மனைவி ரெஜினா.

தந்து என்ன பயன்? அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்டில் நிற்கும்போது போனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் கிடந்து அடிக்கிற போனை யார் எடுப்பது? வெளிநாட்டிலும் வேலை செய்யும்படி கொம்பனியிடம் சொல்லிவிட்டு நானே கொண்டு போனேன்.

பிளக் விஷயத்தில் நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறியபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். துடைப்பம்வரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ரேடியோ, ரீவி, மேசை விளக்கு, சவர மெஷின், எல்லாவற்றுக்கும் இரண்டு மெல்லிய உருண்டைக் கால். லண்டன் சுவரிலோ மூன்று சதுரத் துளை. மேல் துளைக்குள் ஏதாவது நுழைந்தால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளின் கதவும் திறக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிளக் பொயின்ற்றுக்கும் பக்கத்தில் ஒரு போல்பொயின்ற் பேனை கிடக்கும். பேனையை மேல் துளையில் குத்தி, ஜெர்மன் பிளக்கைக் கீழே அமத்தினால் வேலை முடிந்தது. வாடகை வீட்டைப் பார்வையிட வந்த ஏஜென்ற் இதைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். "இத்தனை காலம் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

இருந்தாலும் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பார்க்கிங்கில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அன்ரன் அண்ணையிடம் போனேன். அவர் சிரித்தார்.

"அது பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடம் தம்பி. இடப்பக்கம் கார் ஓடுற சனம், கிரிக்கெட் விளையாடுற சனம். லண்டன் பிளக்தான் இருக்கும். என்னட்ட அடப்டர் இருக்கு, ஆனா உனக்கு வித்து ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை."

கடைக்காரர் ஒருவர் விற்க மாட்டேன் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இலங்கையையும் அதே பிரிட்டிஷ்காரன்தான் ஆண்டான், ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களில் உருண்டைத் துளைகள் அல்லவா இருந்தன என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. கலியாண வீட்டு அளவில் ஒரு ரைஸ் குக்கரையும் அவரிடம் வாங்கிக்கொண்டேன். யூட்டுக்குச் சொல்லாமல் கொண்டு போய் ஆளை அசத்துவது என்று ரெஜினா போட்ட திட்டம் அது.

சனிக்கிழமை பகலில் இறங்கினேன். விமான நிலையக் கதவு திறந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மன்னார் வெயிலேதான். சுங்க அதிகாரி குக்கரைத் தூக்கிப் பார்த்தார். சோறு காய்ச்ச என்றேன். "எங்களிடம் சட்டி இல்லை என்று உமக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமலே முத்திரை குத்தினார்.

வெளியே ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "முதலில் மதிய வணக்கம்" என்றார். நான் வெட்கப்பட்டு வணக்கம் சொன்ன பிறகுதான் கை நீட்டி வழி காட்டினார். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வணக்கம் சொன்னாலே அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். சிவப்புத் தபால்பெட்டி நின்றது. கார்கள் இடப்பக்கம் ஓடின. புல்வெளியில் வெள்ளை உடுப்போடு கிரிக்கெட் நடந்தது. அன்ரன் அண்ணை சரியாகத்தான் சொன்னார் என்று நிம்மதியாக இருந்தது. போன் பற்றரி பாதி இருந்தது.

யூட் வீட்டில் மார்சியாவின் தாய் ஈரப்பலாக்காயை நெருப்பில் சுட்டு வைத்திருந்தார். எங்கள் ஈரப்பலாக்காயேதான். நாங்கள் கறி வைப்போம், இவர்கள் சுட்டு வெண்ணெய் தடவுகிறார்கள். வாய்க்குள் துண்டை வைத்துக்கொண்டே சார்ஜரை எடுத்துச் சுவரடிக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு தட்டையான கீறல், கீழே ஒரு வட்டத் துளை. வாயைப் பிளந்த சின்ன முகம் ஒன்று சுவரிலிருந்து என்னைப் பார்த்தது.

"யூட், இது என்னடா?"

"பிளக் பொயின்ற்."

"லண்டன் பிளக் பொயின்ற் எங்க?"

"லண்டனில."

தபால்பெட்டியையும் கிரிக்கெட்டையும் இங்கிலாந்திலிருந்து வாங்கிய சனம் கரண்டை மட்டும் அமெரிக்காக்காரன் மாதிரி வைத்திருக்கிறதே! பேனையால் குத்தித் திறக்க இங்கே கதவும் இல்லை. என் பிளக்கின் தடித்த கால்கள் அந்தக் கீறல்களுக்கு முன்னால் யானைக் கால் மாதிரி நின்றன.

"அடப்டர் கடையில வாங்கலாம் மச்சான்" என்றான் யூட். "ஆனா செவ்வாய்க்கிழமைதான்."

அன்று அடிமைத்தளை நீங்கிய நாள், விடுமுறை. அடுத்தது ஞாயிறு. திங்கள் கரும்பு அறுவடைத் திருவிழாவின் கடைசி நாள், தீவே தெருவில் ஆடும். இது தெரிந்துதான் ஞானஸ்நானத்துக்கு அந்த வாரத்தை வைத்தானாம், எல்லோருக்கும் லீவு என்பதால். என் சிம்மை எடுத்து அவனுடைய போனில் போட்டோம். அது உள்ளூர்க் கொம்பனி பூட்டிக் கொடுத்த போன், என் சிம்மைக் கண்டதும் ஏற்க மறுத்தது. அவன் சார்ஜரின் ஊசி என் போனுக்குப் பெரிது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஏறி இறங்கினோம். கரையோரத்து ஹோட்டல் ஒன்றுக்கு ஓடினோம். வரவேற்பில் இருந்த பெண் பரிதாபமாகக் கையை விரித்தாள்.

"எங்களிடம் இருந்த அடப்டர் எல்லாம் லண்டன் விருந்தினர்களிடம் போய்விட்டன, சேர். உங்களூர்க்காரர் ஒருவர்கூடக் கொண்டு வருவதில்லை."

மாலைக்குள் பற்றரியில் ஒரு கோடுதான் மிஞ்சியிருந்தது. அணைத்து வைத்தால் பற்றரி மிஞ்சும், ஆனால் அந்த நேரம் பார்த்து அக்கா அடித்தால்? அணைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிறு காலை குக்கரை வெளியே எடுத்ததும் யூட் துள்ளிக் குதித்தான். விருந்துச் சோற்றை அதிலேயே போடுவோம் என்றான். பிளக் பொருந்தாதே என்றேன்.

"நெருப்புக் குச்சி இருக்கே!" என்றான். "ஊரில எப்பிடிச் செய்தனாங்கள்?"

ஊரில் பிளக் உடைந்தால் வயரின் நுனியைச் சீவி, சுவர்த் துளைக்குள் விட்டு, விழாமல் நெருப்புக் குச்சியை இறுக்கிச் செருகிவிடுவோம். குக்கரின் புத்தம் புதுப் பிளக்கை நறுக்கி எறிந்துவிட்டு அதையே செய்தோம். எனக்கு முழங்கைவரை கரண்ட் ஒருமுறை தூக்கிப் போட்டது. குக்கரில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. வெற்றி என்று கைகுலுக்கிக்கொண்டோம். அப்போதுதான் பிள்ளையோடு மார்சியா உள்ளே வந்தாள். சுவரையும் குச்சிகளையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கருகிய கைகளுக்குக் கட்டுப் போட்டே எனக்குப் பாதிச் சம்பளம் வருகிறது" என்று கத்தினாள். "இன்றைக்கு எனக்கு லீவு!"

கத்திக்கொண்டே போய் மெயினை அணைத்தாள். மூடியைத் திறந்து பார்த்தோம். அத்தனை நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்புத்தான். மார்சியாவின் தாய் எட்டிப் பார்த்து, "அரிசியைக் குளிக்க வார்த்திருக்கிறார்கள்" என்றார். விஷயத்தை மார்சியாதான் உடைத்தாள். லண்டன் கரண்டில் பாதியளவு வோல்ட்தான் அந்தத் தீவில் ஓடுகிறதாம். பாதி வோல்ட் என்றால் சூடு கால்வாசிகூட வராதாம். "கரண்ட் கரண்ட்தானே" என்று யூட் முணுமுணுத்தான். இத்தனை வருடம் அங்கே இருந்தும் அவனுக்கு இது தெரியாது. சாமான் எல்லாவற்றையும் அவள்தான் வாங்கியிருக்கிறாள். அரிசி பானைக்கு மாறி காஸ் அடுப்பில் ஏறியது. நாங்கள் கோவிலுக்கு ஓடினோம்.

பிள்ளையை ஏந்தி, மெழுகுதிரியோடு தொட்டியடியில் நின்றேன். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சுவாமியார் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், என் சட்டைப் பைக்குள்ளிருந்து போன் மெட்டுப் போட்டது. அழைப்பு என்று நெஞ்சு எகிறியது. அழைப்பில்லை. பற்றரி முடிந்து அணையும்போது அது போடுகிற சின்னப் பாட்டு. கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு நல்ல நாள், கையில் எவ்வளவு அழகான பிள்ளை! எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

விருந்தில் பொரித்த பறக்கும் மீன் வந்தது. மக்கரோனியை அடை மாதிரிச் சுட்டு வெட்டி வைத்தார்கள். நான் கோப்பைச் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தேன். எதிரே தொப்பி போட்ட வயதான பெண்மணி ஒருவர், மார்சியாவின் கோவில் சிநேகிதி டோரின், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞானத்தகப்பன் ஏன் செத்த வீட்டு முகத்தோடு இருக்கிறார்?" என்று கேட்டார்.

சொன்னேன். அக்காவைச் சொன்னேன், போனைச் சொன்னேன், பிளக்கைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "லண்டனில் எங்கே?" என்றார்.

"பிளேஸ்டோ."

டோரின் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "பிளேஸ்டோவில் எங்கே? ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நான் அங்கேதானே என் வாழ்க்கையைத் தொலைத்தேன். லண்டன் பஸ்ஸில் கண்டக்டர்!" பிறகு எழும்பித் தொப்பியைச் சரி செய்தார். "மூன்று கால் பிளக்தானே? என் வீட்டில் எந்தச் சுவரில் வேண்டும்? வா."

நாங்கள் ஏறிப் போன வான் வண்டி ஒரு தனிக் கதை. ஆட்களை அடைத்து, பாட்டைக் காது கிழியப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். பாதி வழியில் சாரதி வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டான். மற்றவர்கள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். டோரின் மட்டும் ஜன்னலால் தலையை நீட்டி, "தம்பி, நான் கண்டக்டராக இருந்திருந்தால் உன்னை விட்டுவிட்டே மணியடித்திருப்பேன்" என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்தார். நான் மலைத்துப் போனேன். சத்தியமாக நான் பிளேஸ்டோவில் ஒரு குசினிக்குள் நின்றேன். லண்டன் கேத்தில், லண்டன் ரோஸ்டர், லண்டன் இஸ்திரிப் பெட்டி, சுவர்களிலெல்லாம் சுவிட்ச் வைத்த மூன்று சதுரத் துளை. மேசைக்குக் கீழே இரும்புப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. தீவின் கரண்டை இரண்டு மடங்காக்கி லண்டன் சாமான்களுக்குக் கொடுக்கும் பெட்டியாம்.

"பென்ஷன் எடுத்து ஊர் திரும்பியபோது எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினேன்" என்றார். "எல்லாம் என் உழைப்பு. பிளக் பொருந்தாது என்று விட்டுவிட்டு வருவேனா? வயர் இழுக்க வந்தவன் எனக்குப் பைத்தியம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்."

ஜெர்மனியிலிருந்து வானோடு வந்திறங்கிய எங்கள் கூட்டம் முழுவதும் தொப்பி போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கேத்திலைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைக் குத்தினேன். போனுக்கு உயிர் வந்தது. வந்த கையோடு ஒரு குரற்பதிவு இருக்கிறது என்றது. காதில் வைத்தேன். பெரிய சனக்கூட்டத்தின் இரைச்சல். யாரோ ஒரு ஆண், "கதையுங்கோ அம்மா, கதையுங்கோ, நேரம் போகுது" என்று அவசரப்படுத்தினான். ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. அவள் பேசவில்லை. பதிவு அறுந்தது.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இத்தனை மாதம் வராத அழைப்பு, போன் கண்ணை மூடிய அந்தக் கொஞ்ச நேரத்திலா வரவேண்டும்? திருப்பி எடுக்க அதில் இலக்கமும் இல்லை. அந்த மூச்சு அக்காவா, வேறு யாராவது அக்காவின் செய்தியைச் சொல்ல வந்தவளா, அதுவும் தெரியவில்லை. டோரின் யூட் வீட்டுக்குப் போன் பண்ணி, "உங்கள் விருந்தாளி என் சுவரோடு ஒட்டிவிட்டார், இங்கேயே படுக்கட்டும்" என்றார்.

திங்கள் காலையும் அந்த மூலையை விட்டு நான் அசையவில்லை. பற்றரி நிறைந்துவிட்டது என்று போன் சொன்னது. நான் நம்பவில்லை. வயரைப் பிடுங்கினால் மறுபடி கண்ணை மூடிவிடும் என்ற பயம். வெளியே திருவிழா ஊர்வலம் தொடங்கி, லொறிகளில் பாட்டு அதிர, இறகு கட்டிய சனம் ஆடிக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அந்தச் சத்தத்துக்குள் போன் அடித்தது. தெரியாத இலக்கம். வயர் குட்டை, நான் கேத்திலுக்குப் பக்கத்தில் கூனிக்கொண்டு, மற்றக் காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"தம்பி?"

அக்காவின் குரல்.

"தம்பி, நீதானோ? உண்மையா நீதானோ?"

"ஓம் அக்கா, நான்தான், நான்தான்."

மறுபக்கத்தில் அவள் வீறிட்டு அழுதாள். "நேற்று அடிச்சன். மணி அடிக்கேல்லை. ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை எடுத்து இங்கிலீசில என்னவோ சொன்னவள். ஆஸ்பத்திரிக்காரி எண்டு நினைச்சன். எனக்கு வாய் வரேல்லை. உனக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு ராமுழுக்க நானும் பிள்ளையும் செபமாலை சொன்னனாங்கள். இவ்வளவையும் தாண்டி வந்து, கடைசியா உன்னையும் பறிகுடுத்திட்டன் எண்டு..."

குரற்பதிவில் பேசுகிற அந்த மெஷின் பெண்ணைத்தான் அவள் ஆஸ்பத்திரிக்காரி என்று நினைத்திருக்கிறாள். குண்டுகளுக்குள்ளிருந்து வந்தவள் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்று, பிளேஸ்டோவில் சோறும் கறியும் தின்று சுகமாக இருக்கிற எனக்காக ஓர் இரவு முழுக்க ஒப்பாரி வைத்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா. பிளக், பிளக் பொருந்தேல்லை..."

"என்ன? என்ன பொருந்தேல்லை? அங்க என்ன சத்தம்?"

"பிளக் அக்கா. போன் சார்ஜ் பண்ணுற பிளக்."

"நீ சுகமா இருக்கிறாய்தானே? அது காணும். நானும் பிள்ளையும் இருக்கிறம். அத்தானை ஓமந்தைச் செக்பொயின்ற்ரில வைச்சு ஆமி தனியாக் கூட்டிக்கொண்டு..."

"காணும் அக்கா, போனைத் தாங்கோ, மற்றாக்கள் நிக்கினம்" என்றது வேறொரு குரல். அழைப்பு நின்றது.

டோரின் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார். "இருக்கிறாரா?" என்று கேட்டார். "இருக்கிறா" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது. லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அத்தானை எங்கே கொண்டு போனார்கள், எப்போது கொண்டு போனார்கள், பிள்ளைக்கு எங்கேயும் காயமா, சாப்பிட என்ன கொடுக்கிறார்கள், எதையும் நான் கேட்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரே நிமிடத்தில் நான் அக்காவிடம் பிளக்கைப் பற்றித்தான் கதைத்தேன்.